ஒயர் இல்லாம டிவிக்குப் படம் போறது எப்படி: காஸ்ட், மிரரிங், ஒயர்லெஸ் எச்டிஎம்ஐ

"போன்ல ஓடுறத ஒயர் இல்லாம டிவியில பாக்கணும், என்ன பண்ணலாம்?" இந்தக் கேள்விய எங்க போட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். ஒருத்தர் காஸ்ட் பண்ணுங்க, சூப்பரா வரும்பார். இன்னொருத்தர் அதெல்லாம் சும்மா, திக்கித் திக்கித்தான் வரும், கேபிள் மாதிரி வரவே வராதும்பார். மூணாவது ஆள் ஒயர்லெஸ் எச்டிஎம்ஐ கிட்டு வாங்கச் சொல்வார், நாலாவது ஆள் எதையும் கேக்காம ரவுட்டர மாத்துங்கன்னு முடிச்சிருவார். வேடிக்கை என்னன்னா நாலு பேர் சொல்றதும் அவங்கவங்க அனுபவத்துல நிஜம்தான். ஆளாளுக்கு வேற வேற விஷயத்தப் பேசிக்கிட்டு எல்லாத்துக்கும் "ஒயர்லெஸ்"னு ஒரே பேர வச்சிட்டாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

உள்ளுக்குள்ள நடக்குறது மூணு தனித்தனி வேலை. உங்க வீட்ல ஓடுறது அதுல எதுன்னு தெரிஞ்சுட்டா ஏன் திக்குது, ஏன் லேட்டா வருது, ஏன் திடீர்னு ஸ்கிரீன் கறுப்பாகுதுன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம். அதுக்கு முன்னாடி படம்னா எவ்ளோ டேட்டான்னு ஒரு கணக்கு பாத்துடுவோம், அது தெரியாம மீதி எதுவும் புரியாது.

ஒரு செகண்ட் படத்துல எவ்ளோ இருக்கு

ஃபுல் எச்டின்னு சொல்ற 1080பி படத்துல குறுக்க 1920 புள்ளி, மேலிருந்து கீழ 1080 புள்ளி. இந்தப் புள்ளிக்குத்தான் பிக்சல்னு பேரு. மொத்தம் 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. ஒவ்வொரு பிக்சலுக்கும் என்ன கலர்னு சொல்ல 24 பிட் வேணும், பிட்னா 0 இல்லன்னா 1, அவ்ளோதான். இப்படி ஒரு முழுப் படத்துக்கு ஒரு ஃப்ரேம்னு பேரு. கேம் ஆடுறப்பவோ ஸ்போர்ட்ஸ் பாக்குறப்பவோ செகண்டுக்கு 60 ஃப்ரேம் ஓடுது. எல்லாத்தையும் பெருக்கிப் பாருங்க, செகண்டுக்கு கிட்டத்தட்ட 300 கோடி பிட் வரும், அதாவது 3 ஜிகாபிட். 4கே-ன்னா பிக்சல் நாலு மடங்கு, அதனால இதுவும் நாலு மடங்காகி 12 ஜிகாபிட் பக்கம் போயிடும்.

எச்டிஎம்ஐ கேபிள் இத அப்படியே தூக்கிட்டுப் போகுது. அந்தக் கேபிளோட 2.0 வெர்ஷன் 18 ஜிகாபிட் வரைக்கும் தாங்கும், 2.1 வெர்ஷன் 48 வரைக்கும் தாங்கும். வீட்டு வைஃபை எவ்ளோ தாங்கும்? ரவுட்டர் பெட்டி மேல பெருசு பெருசா நம்பர் போட்டிருப்பாங்க, அது எல்லா பேண்டையும், அதாவது அலைவரிசையையும், கூட்டி எழுதின உச்சக் கணக்கு, நிஜத்துல ஒரு டிவிக்கு செகண்டுக்கு சில நூறு மெகாபிட் நிலையா வந்தாலே சந்தோஷப்படணும். மெகாபிட்ங்கறது ஜிகாபிட்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆக, கேபிள்ல போறது அப்படியே சாதா வைஃபைல போகவே போகாது.

ஆனா ஆன்லைன்ல படம் பாக்குறப்ப 5 மெகாபிட்லயே 1080பி நல்லா வருதே, அது எப்படி?

போன்ல செஸ் ஆட்டத்த சொல்ற மாதிரி

நீங்க ஒரு செஸ் ஆட்டத்த நேர்ல பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு வச்சுக்கங்க. வேற ஊர்ல இருக்குற ஃப்ரெண்டு அங்க ஒரு போர்டு விரிச்சு வச்சுக்கிட்டு, நீங்க போன்ல சொல்றதக் கேட்டு அதே மாதிரி காய அடுக்கணும். ஒவ்வொரு மூவுக்கும் 64 கட்டத்துல என்னென்ன இருக்குன்னு மொதல்ல இருந்து ஒப்பிச்சா வாய் வலிச்சிடும். ஒரு தடவை முழு போர்டையும் சொல்லிட்டு, அதுக்கப்புறம் "குதிரை இங்க வந்துச்சு, சிப்பாய் ஒரு கட்டம் முன்னாடி போயிடுச்சு"ன்னு மாறினத மட்டும் சொன்னாப் போதும்.

வீடியோவச் சுருக்குறது இதேதான். இதுக்குக் கம்ப்ரெஷன்னு பேரு, சுருக்கி விரிக்கிற முறைக்கு கோடெக்னு பேரு. 2003ல வந்த எச்.264, 2013ல வந்த எச்.265, 2018ல வந்த ஏவி1 எல்லாம் கோடெக்தான், ஒண்ணு வர்றப்பல்லாம் அதே குவாலிட்டிய இன்னும் கம்மி பிட்ல அனுப்பக் கத்துக்கிட்டாங்க. அப்பப்ப ஒரு முழு ஃப்ரேம் வரும், அதுக்குக் கீஃப்ரேம்னு பேரு, நடுவுல வர்றதெல்லாம் "இந்த ஓரம் மாறல, அந்த மொகம் கொஞ்சம் இடது பக்கம் நகந்துச்சு"ங்கற தகவல் மட்டும்தான். கூடவே கண்ணுக்குப் பெருசா தெரியாத நுணுக்கத்தையும் கழிச்சு விட்ருவாங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடுற சினிமாவுக்கு சுருக்காம அனுப்ப 120 கோடி பிட் வேணும், அது 50 லட்சம் பிட்ல வந்து சேருது. 240 மடங்கு சுருக்கம். சும்மா சொல்லக்கூடாது, பெரிய வித்தைதான்.

இதுல ரெண்டு வில்லங்கம் இருக்கு. மொதலாவது, போன்ல நடுவுல ஒரு மூவ் சரியா காதுல விழலன்னா ஃப்ரெண்டோட போர்டு அதுக்கப்புறம் முழுக்கத் தப்பாத்தான் இருக்கும், நீங்க மறுபடி முழு போர்டையும் சொல்ற வரைக்கும் சரியாகாது. டிவியில படம் திடீர்னு கட்டம் கட்டமா உடைஞ்சு, கலர் இழுத்துக்கிட்டு, ஒரு செகண்ட் கழிச்சு டக்குன்னு தெளிவாகுதே, அது இதுதான், தொலைஞ்சது ஒரு சின்னத் துண்டு, அடுத்த கீஃப்ரேம் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சு. ரெண்டாவது, என்ன மாறுச்சுன்னு பாத்து யோசிச்சுச் சொல்ல நேரம் ஆகும், அந்தப் பக்கம் கேட்டு அடுக்கவும் நேரம் ஆகும். இந்தத் தாமதத்துக்கு லேட்டன்சின்னு பேரு. இத ஞாபகம் வச்சுக்கங்க, இனிமே நிறைய இடத்துல வரும்.

இதுவரைக்கும் பாத்ததச் சுருக்கமா: படத்த அப்படியே அனுப்பணும்னா ஜிகாபிட் கணக்குல வேணும், சுருக்கி அனுப்பினா சில மெகாபிட் போதும், ஆனா சுருக்கினா தாமதமும் கூடும், நடுவுல தொலைஞ்சா சேதமும் அதிகம்.

மொத வழி: காஸ்ட்

பேருலயே பெரிய ஏமாத்து இருக்கு. காஸ்ட் பட்டன அமுக்குனா போன்ல இருந்து டிவிக்குப் படம் பறந்து போகுதுன்னு முக்கால்வாசிப் பேர் நெனைக்கிறாங்க. பெரும்பாலும் அப்படி எதுவும் போறதில்ல. போன் டிவிகிட்ட "இந்த அட்ரஸ்ல இந்தப் படம் இருக்கு, இத்தனாவது நிமிஷத்துல இருந்து போடு"ன்னு மட்டும் சொல்லும், டிவி தானே நேரா இன்டர்நெட்ல இருந்து எடுத்துக்கும். நம்ம செஸ் கணக்குல, ஆட்டம் எந்தப் புத்தகத்துல எத்தனாவது பக்கத்துல இருக்குன்னு ஃப்ரெண்டுகிட்ட சொல்லிட்டுப் போன வச்சிட்ட மாதிரி. 2013ல வந்த கூகுளோட குரோம்காஸ்ட் இத ஊருக்கெல்லாம் பழக்கிவிட்டுச்சு, ஆப்பிளோட ஏர்ப்ளேயும் நிறைய ஆப்ல இதே மாதிரிதான் வேலை செய்யுது.

அதனாலதான் காஸ்ட் இவ்ளோ நல்லா வருது. போன் பழசா இருந்தாலும், பேட்டரி கம்மியா இருந்தாலும் டிவிக்குக் கவலை இல்ல, 4கே படம் 4கேயாவே வரும். இங்க போன் வெறும் ரிமோட்டுதான். படம் திக்குனா போனக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்ல, டிவிக்கு வர்ற நெட்டத்தான் பாக்கணும்.

உங்க வீட்ல நடக்குறது இதுதானான்னு தெரிஞ்சுக்க ஒரு சுலபமான வழி: படம் ஓடிக்கிட்டு இருக்குறப்ப போன் ஸ்கிரீன லாக் பண்ணுங்க. படம் பாட்டுக்கு ஓடுச்சுன்னா அது காஸ்ட். ஒரே விதிவிலக்கு, போன்லயே சேமிச்சு வச்ச வீடியோவ காஸ்ட் பண்றது. அப்ப போன்தான் ஃபைல அனுப்பணும், ஆனாலும் இருக்குற ஃபைல அப்படியே தூக்கிக் குடுக்குறதால புதுசா சுருக்குற வேலை கிடையாது.

ரெண்டாவது வழி: மிரரிங்

போன்ல இல்லன்னா லேப்டாப்ல தெரியுறது எதுவோ அத அப்படியே டிவியில காட்டுறது. 2012ல வந்த மிராகாஸ்ட் இந்த ரகம், விண்டோஸ்லயும் பல ஆண்ட்ராய்டு போன்லயும் இருக்கு. ஆப்பிள்காரங்களுக்கு ஏர்ப்ளே மிரரிங் இருக்கு, ஐபோன்ல மிராகாஸ்ட் கிடையாது. போன்ல "ஸ்மார்ட் வியூ", "ஸ்கிரீன் மிரரிங்"னு வேற வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும்.

இங்க போன் நிஜமாவே லைவ் கமென்ட்ரி சொல்லுது. ஸ்கிரீன்ல தெரியுறதப் பாத்து, அந்த நிமிஷமே சுருக்கி, வைஃபைல அனுப்பி, டிவி விரிச்சுக் காட்டணும். இதுல இன்னொரு கொடுமை பாருங்க: நீங்க ஓட்டுறது வீடியோவா இருந்தா அது ஏற்கெனவே சுருக்கித்தான் வந்திருக்கும், போன் அத விரிச்சு ஸ்கிரீன்ல காட்டி, மறுபடி அவசர அவசரமா சுருக்கி அனுப்புது. ரெண்டு தடவை சுருக்கினா குவாலிட்டி அடி வாங்கத்தான் செய்யும், போன் சூடாகும், பேட்டரி இறங்கும், எல்லாம் சேந்து பத்துல ஒரு பங்கு செகண்ட் தாமதம்ங்கறது ரொம்ப சாதாரணம். போட்டோ காட்ட, ஸ்லைடு காட்ட, ஆப்ல எங்க அமுக்கணும்னு சொல்லிக் குடுக்க இது ரொம்ப வசதி. ரெண்டரை மணி நேரப் படம் பாக்க இத வச்சுக்கிட்டுக் கஷ்டப்படுறது தேவையில்லாத வேலைன்னுதான் நான் சொல்வேன், அந்த ஆப்ல காஸ்ட் பட்டன் இருந்தா அத அமுக்குங்க.

மூணாவது வழி: கேபிளுக்குப் பதிலா காத்து

பிளேயர், கேம் கன்சோல், செட்டாப் பாக்ஸ் இதெல்லாம் ஒரு மூலையில, டிவியோ புரொஜெக்டரோ எதிர்ப்பக்கம், நடுவுல எச்டிஎம்ஐ கேபிள் இழுக்க முடியல. இதுக்குத்தான் ஒயர்லெஸ் எச்டிஎம்ஐ கிட்டு, அனுப்புறது ஒரு பெட்டி, வாங்குறது ஒரு பெட்டி. இந்தப் பேர்ல தனியா ஒரு பொது ஸ்டாண்டர்டு எதுவும் கிடையாது, விக்கிறவங்க வைக்கிற பொதுப் பேர்தான். அதனால ஒரு கம்பெனி பெட்டியோட இன்னொரு கம்பெனி பெட்டி சேரும்னு எதிர்பாக்காதீங்க, ஜோடியாத்தான் வாங்கணும்.

இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு ஜாதி இருக்கு. சின்னதா, விலை கம்மியா வர்றது பெரும்பாலும் எச்.264ல சுருக்கி, வைஃபை ஓடுற 5 ஜிகாஹெர்ட்ஸ் அலையில அனுப்புறதுதான். கேபிள் மாதிரி மாட்டுறோம்ங்கறது தவிர உள்ள ஓடுறது மிரரிங் கதையேதான், தாமதமும் அதே மாதிரி.

இன்னொரு ஜாதிதான் சுவாரசியம், சுருக்காமலே அனுப்பிப் பாக்குறது. 2008ல ஒயர்லெஸ்எச்டின்னு ஒண்ணு வந்துச்சு, 60 ஜிகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யும். ஹெர்ட்ஸ்ங்கறது அலை ஒரு செகண்டுக்கு எத்தன தடவை ஆடுதுங்கற கணக்கு. அங்க ஏன் போனாங்கன்னா இடம் தாராளம். 5 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரு வைஃபை சேனலோட, அதாவது டேட்டா போக ஒதுக்குன அலைவரிசைப் பாதையோட, அகலம் சாதாரணமா 80 மெகாஹெர்ட்ஸ், 60 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒரே சேனல் 2160 மெகாஹெர்ட்ஸ், 27 மடங்கு. அவ்ளோ அகலத்துல ஜிகாபிட் கணக்குல தள்ளலாம், செஸ்ல ஒவ்வொரு தடவையும் 64 கட்டத்தையும் ஒப்பிக்கிற அளவுக்கு வாய் வலு உள்ள ஆள் கெடச்ச மாதிரி. விலை என்னன்னா அந்த அலையோட நீளம் வெறும் 5 மில்லிமீட்டர், செவுரு தாண்டாது, நடுவுல ஒரு ஆள் போய் நின்னாலே சிக்னல் விழுந்துடும். அதுக்காகத்தான் நிறைய குட்டி ஆன்டெனா வச்சு, நேர்வழி மறைஞ்சா கூரையிலயோ பக்கச் செவுத்துலயோ பட்டுத் திரும்புற வழிய தேடிப் பிடிக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க. இப்படி அலைய ஒரு திசையில குவிச்சு அனுப்புறதுக்கு பீம்ஃபார்மிங்னு பேரு.

ஒரு சின்ன இடைச்செருகல். 60 ஜிகாஹெர்ட்ஸ் அறைக்குள்ளயே நின்னுடுறதுக்குக் காத்துல இருக்குற ஆக்ஸிஜன்தான் காரணம்னு நிறையப் பேர் எழுதுறாங்க. ஆக்ஸிஜன் அந்த அலைய உறிஞ்சுறது நிஜம், கிலோமீட்டர் கணக்குல போனா அது பெரிய விஷயம். ஆனா 10 மீட்டர் தூரத்துல போறது வெறும் மூணு நாலு சதவீதம்தான். வீட்டுக்குள்ள செவுரும் மனுஷங்களும்தான் தடுக்குறது.

இதுக்குப் போட்டியா டபிள்யூஎச்டிஐன்னு இன்னொண்ணு வந்துச்சு, அவங்க 5 ஜிகாஹெர்ட்ஸ்லயே இருந்துக்கிட்டு வேற தந்திரம் பண்ணாங்க. ஒரு கலரோட 24 பிட்டும் ஒரே அளவு முக்கியம் இல்ல. முன்னாடி இருக்குற பிட்டு மாறினா செவப்பு கறுப்பாயிடும், கடைசி பிட்டு மாறினா கண்ணுக்கே தெரியாது. அதனால முக்கியமான பிட்டுக்கு பாதுகாப்பு அதிகம், மத்ததுக்குக் கம்மி. ராஜா ராணி எங்கன்னு சத்தமா சொல்லிட்டு சிப்பாய மெதுவா சொல்ற மாதிரி. சிக்னல் மோசமானா படம் உடையாது, லேசா மணல் தூவின மாதிரி ஆகும், செவுரு தாண்டியும் ஓரளவு போகும், தாமதமும் ஒரு மில்லிசெகண்டுக்குள்ளதான். என்னக் கேட்டா ரெண்டுல இதுதான் அழகான ஐடியா. ஆனா ரெண்டுமே வீட்டு டிவி பக்கம் பெருசா நிக்கல. ஆன்லைன் ஸ்ட்ரீமிங் வந்து டிவியே நேரா நெட்ல எடுக்க ஆரம்பிச்சதும் முக்கால்வாசி வீட்டுக்கு இந்தத் தேவையே போயிடுச்சு.

முழுசா செத்தும் போகல. 2023ல எல்ஜி ஒரு ஓலெட் டிவி காட்டுனாங்க, எச்டிஎம்ஐ போர்ட் எல்லாம் தனிப் பெட்டியில, அங்க இருந்து 10 மீட்டர் தூரம் வரைக்கும் 4கே படத்த செகண்டுக்கு 120 ஃப்ரேம் கணக்குல டிவிக்குக் காத்துலயே அனுப்பும். டிவிக்குக் கரன்ட் ஒயர் மட்டும் மாட்டித்தான் ஆகணும்.

மூணையும் சேத்துப் பாத்தா: காஸ்ட்ல டிவி தானே எடுக்குது, மிரரிங்ல போன் சுருக்கி அனுப்புது, கிட்டுல பெட்டி அனுப்புது. கிட்டுல மட்டும் சுருக்கியா சுருக்காமலான்னு தனியாப் பாக்கணும்.

ஸ்பீடு டெஸ்ட்ல 200 காட்டுது, ஆனா திக்குது

இந்தப் புலம்பல் அடிக்கடி வரும். டெஸ்ட்ல தெரியுறது சில செகண்டோட சராசரி, அதுவும் நீங்க போன வச்சுக்கிட்டு நின்ன இடத்துக்கு. டிவி இருக்குறது வேற மூலையில, செவுத்த ஒட்டி. வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனல்ல இருந்தா அதுவும் க்யூவுல ஒரு ஆள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் 1, 6, 11 மூணுதான், போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அவனும் அங்கதான் இரையும். ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவோட ஒரு சின்னத் துண்டு, தொலைஞ்சா திருப்பி அனுப்பணும், அதுக்குள்ள சில மில்லிசெகண்ட் போயிடும்.

படம் பாக்குறப்ப இது தெரியாததுக்குக் காரணம் பஃபர். வரப்போற சில செகண்ட் படத்த முன்கூட்டியே வாங்கிச் சேத்து வச்சுக்குறதுக்குப் பேரு பஃபர். நடுவுல வைஃபை ரெண்டு செகண்ட் மூச்சு விடாம நின்னாலும் கையிருப்பு ஓடிக்கிட்டு இருக்கும். மிரரிங்ல அந்த வசதி இல்ல, இப்ப நடக்குறத இப்பவே காட்டணும், முன்கூட்டி எங்க இருந்து வாங்குறது? பஃபர் பெருசாக்கினா திக்காது ஆனா லேட்டாகும், சின்னதாக்கினா லேட்டாகாது ஆனா திக்கும். இந்த இழுபறிய எந்த ரவுட்டர் வாங்கினாலும் முழுசா ஒழிக்க முடியாது.

60 ஃப்ரேம்ல ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 100 மில்லிசெகண்ட் தாமதம்னா ஆறு ஃப்ரேம் பின்னாடி இருக்கீங்க. படத்துக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல, சத்தமும் சேந்து லேட்டானா யாருக்கும் தெரியாது. சத்தம் தனி வழியா ஸ்பீக்கருக்குப் போனாத்தான் வம்பு, ஒதடு ஒரு பக்கம் வார்த்தை ஒரு பக்கம். சத்தம் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே மனுஷங்க கண்டுபிடிச்சிடுவாங்க, பிந்தினா 125 வரைக்கும் கவனிக்க மாட்டாங்கன்னு ஐடியூங்கற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்போட கணக்கு சொல்லுது, தூரத்துல நடக்குறதோட சத்தம் எப்பவும் பின்னாடி வந்தே நமக்குப் பழகிடுச்சு. கேம் ஆடுறவங்களுக்கு மட்டும் அந்த ஆறு ஃப்ரேம் உயிர் போற விஷயம்.

இன்னொண்ணு, போனும் டிவியும் ஒரே ரவுட்டர்ல வைஃபைல இருந்தா மிரரிங் டேட்டா போன்ல இருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, ரவுட்டர்ல இருந்து டிவிக்கு ஒரு தடவைன்னு காத்துல ரெண்டு தடவை போகுது. டிவிய ரவுட்டரோட லேன் கேபிள்ல மாட்டினா ஒரு தடவை மிச்சம். மிராகாஸ்ட் ரவுட்டர் இல்லாம நேரா டிவியோடவே பேசவும் செய்யும். லேன்லயும் ஒரு சங்கதி இருக்கு, நிறைய டிவியில அந்த போர்ட் 100 மெகாபிட்தான். ஸ்ட்ரீமிங்குக்குத் தாராளம், 4கே புளூரே டிஸ்க் அளவு ஃபைல வீட்டு சர்வர்ல இருந்து ஓட்டினா சில இடங்கள்ல 100ஐத் தாண்டும், அப்ப 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையே மேல்.

ஸ்கிரீன் கறுப்பாகுறது

சத்தம் வருது படம் வரலன்னா அது வைஃபை கோளாறா இருக்க வாய்ப்பு கம்மி. காசு கட்டிப் பாக்குற படத்துக்கெல்லாம் பூட்டு இருக்கு, எச்டிஎம்ஐ வழியில அதுக்கு எச்டிசிபின்னு பேரு. வழியில இருக்குற எல்லாப் பெட்டியும் அந்தப் பூட்டுக்கு ஒத்துக்கணும், 4கே-க்கு வழக்கமா 2.2 வெர்ஷன் கேக்கும். ஒண்ணு ஒத்துக்கலன்னாலும் கறுப்பு, இல்லன்னா குவாலிட்டி கொறஞ்சு வரும். மிரரிங்ல சில ஆப் வேணும்னே மறைக்கும். ரவுட்டர மாத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல.

வாங்குறதுக்கு முன்னாடி

ஆன்லைன் படம்தான் பாக்கப் போறீங்கன்னா காஸ்ட் வசதி இருக்குற டிவியோ, டிவியில சொருகுற ஸ்டிக்கோ போதும், கிட்டு வேண்டாம். லேப்டாப் ஸ்கிரீன் காட்டணும்னா மிரரிங். கன்சோல ஒயர் இல்லாம மாட்டணும்னா கிட்டு விவரத்துல லேட்டன்சி எத்தன மில்லிசெகண்ட்னு நம்பர் போட்டிருக்கான்னு பாருங்க, நம்பர் இல்லாம "ஜீரோ லேட்டன்சி"ன்னு மட்டும் எழுதியிருந்தா நான் நம்ப மாட்டேன். நடுவுல செவுரு இருந்தா 60 ஜிகாஹெர்ட்ஸ் பெட்டிய வாங்கவே வாங்காதீங்க. ரெண்டு பெட்டிக்கும் கரன்ட் எங்க இருந்து வரும்னும் யோசிச்சுக்கங்க. எச்டிஎம்ஐ போர்ட் தரணும்னு விதி இருக்குறது வெறும் 55 மில்லிஆம்பியர்தான், அதுவும் அனுப்புற பக்கம் மட்டும், அதனால புரொஜெக்டர் பக்கத்துல ஒரு யுஎஸ்பி போர்ட்டோ பிளக் பாயின்ட்டோ இருந்தே ஆகணும்.